சோலி

அந்தச் சட்டைக்குப் பேர் வைத்தது எங்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

கறுப்புச் சட்டை. கை கிடையாது. நெஞ்சோடு நின்றுவிடும். முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே ஒரு சின்னப் பை. பைக்குள் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி. அதைப் போட்டுக்கொண்டு திடலில் இறங்கினால் எவ்வளவு தூரம் ஓடினோம், எவ்வளவு வேகம், ஓட்டத்தில் எத்தனை தடவை சட்டென்று நின்றோம், எல்லாம் கோட்டுக்கு வெளியே ஒரு டேப்லெட்டில் தெரிந்துவிடும்.

கீப்பர் ஆயர் ஈத்தாம்காரன். மலாய்க்காரன். வீட்டில் பானை, பூச்சாடி வியாபாரம். சட்டையை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தான்.

"சோலி!" என்றான்.

மலாயில் பெண்கள் உள்ளே போடும் பாடிக்கு அதுதான் சொல். உடை மாற்றும் அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. எங்கள் வீட்டில் சோலி என்றால் வேலை. "சோலி கெடக்கு, வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா பூட்ஸை மாட்டுவார். ஒருத்தனுக்குச் சோலி முடிஞ்சது என்றால் அவ்வளவுதான், ஆள் காலி.

இதைக் கீப்பரிடம் சொன்னேன். அவனும் நானும் பேசுவது பாதி மலாய், பாதி தமிழ்.

"அப்ப சரியாத்தான் வச்சிருக்கேன் மச்சா," என்றான். "சோலிய அளக்குற சோலி."

அன்றிலிருந்து அது சோலிதான். வெளிநாட்டுக் கோச்சும் அப்படித்தான் கூப்பிட்டார், அர்த்தம் தெரியாமல்.

நான் இடது பக்கத் தற்காப்பு. ஓட்டம்தான் என் பிழைப்பு. மேலே ஓடணும், பந்து கைமாறினால் திரும்பிக் கீழே ஓடணும். இடது தொடையின் பின்பக்கத் தசை எனக்கு இரண்டு தடவை கிழிந்திருக்கிறது. முதல் தடவை சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவினேன். இரண்டாவது தடவை சத்தமே கேட்டது. துணி கிழிகிற சத்தம். அப்போது ஸ்கேன் பார்த்த டாக்டர், "மூணாவது தடவை வராமப் பாத்துக்குங்க. வந்தா நடக்கலாம், மெதுவா ஓடவும் செய்யலாம். சம்பளத்துக்கு ஓட முடியாது," என்றார்.

அந்த வருஷம் என் ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. கால் போனால் கையில் ஒன்றும் இல்லை.

சோலியைக் கொண்டுவந்தது ஒரு பெண். ஜோகூர் பாருக்காரி. தமிழ்க் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவர்கள். ஆட்டக்காரர்களின் உடம்பைக் கவனிப்பதற்கென்றே படித்தவள். வீட்டில் ஆங்கிலம்தான் அதிகமாம். தமிழ் வரும், ஈரத் தரையில் நடக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வரும். அணியில் தமிழன் நான் ஒருத்தன்தான். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள்.

காலையில் பயிற்சிக்கு முன்னால் அவளிடம் போய் நிற்கணும். முதலில் ஒரு பாயில் நின்று குதிக்கணும். எவ்வளவு உயரம் குதித்தோம் என்று பாய் சொல்லும். பிறகு மல்லாந்து படுத்து, குதிகாலால் ஒரு தட்டை அமுக்கணும். வலது கால், அப்புறம் இடது கால். சில நாள் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். தசை நொந்திருந்தால் ரத்தத்தில் தெரியுமாம்.

"விரலக் குடுங்கண்ணே."

"குத்து டாக்டர்."

"நான் டாக்டர் இல்ல."

"ஊசி போட்டா டாக்டர்தான்."

கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள். இன்னிக்கு உடம்பு எப்படி?

"பரவால்ல."

நான் வேறு பதில் சொன்னதில்லை. நன்றாக இருந்தாலும் பரவால்ல. வலித்தாலும் பரவால்ல. காய்ச்சலோடு வேலைக்குப் போய்விட்டு வரும் அப்பாவும் அதைத்தான் சொல்வார். வீட்டில் வேறு சொல் புழங்கவில்லை.

"பரவால்லைக்கு எங்கிட்ட நம்பர் இல்லண்ணே. பத்துக்கு எத்தனைனு சொல்லுங்க."

"நீயே போடு."

பேருக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் போய் ஓடு. மஞ்சள் என்றால் குறைத்து ஓடு. சிவப்பு என்றால் உட்கார். எல்லாரும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பரீட்சை முடிவு மாதிரி.

ஓய்வு நாளில் கைப்பேசியில் கேள்விகள் வரும். தூக்கம் எப்படி, எங்கே வலி, சாப்பிட்டாயா. ஆங்கிலத்தில் வந்தது. நான் பார்க்காமலே அமுக்கினேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். எனக்காக உட்கார்ந்து தமிழில் எழுதிப் போட்டாள். அவள் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாளாம். தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருந்தது, ஆனால் புரிந்தது. கடைசிக் கேள்வி: ஓய்வு நாளில் சோலி உண்டா?

இல்லை என்று அமுக்குவேன். உண்மையும் அதுதான்.

ஓய்வு நாளில் நான் எங்கள் ஊர் சாஆவுக்குப் போய்விட்டு வருவேன். அப்பா அம்மா அங்கேதான் இருக்கிறார்கள்.

பருவம் பாதி தாண்டியதும் என் பேருக்குப் பக்கத்தில் சிவப்பு வர ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு ஆட்டம் முடிந்த மறுநாள் சிவப்பு வரும், ஓய்வு எடுத்தால் பச்சையாகிவிடும். எனக்குத் தலைகீழ். ஓய்வு நாளுக்கு முன்னால் மஞ்சள். ஓய்வு எடுத்துவிட்டு வந்தால் சிவப்பு. எல்லா வாரமும் இல்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். குதித்தால் பாய் குறைவாகக் காட்டியது. இடது குதிகால் தட்டை அமுக்கவே மாட்டேன் என்றது. ரத்தமும் சரியில்லை என்றாள்.

"உடம்பு எப்படிண்ணே?"

"பரவால்ல."

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

கோச் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எனக்குக் கேட்கிற தூரம்தான். வீட்டில் என்ன செய்கிறான், குடிக்கிறானா என்று கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். இல்லை என்று அவள் தலையாட்டினாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

கீப்பர் சும்மா இருப்பானா?

"மச்சா, லீவுல வீட்டுல ரொம்ப ஓவர்டைமா?"

"உன் பானையப் பாருடா."

சிரிப்போடு முடிந்தால் பரவாயில்லை. முடியவில்லை. குழுவின் டாக்டர் என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார். ரத்தம், சிறுநீர், நெஞ்சு, எல்லாம் பார்த்தார்கள். தசையைத் தின்கிற வியாதி என்று ஏதோ இருக்கிறதாம். அதுவா என்று பார்க்கணுமாம். வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். மருத்துவமனைச் சீட்டை வைத்துக்கொண்டு மனைவி வாசலில் நின்றாள்.

"ஏங்க, ரத்தத்துல என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தன எழுதியிருக்கு?"

"பாக்குறாங்க லா. பாக்கட்டும்."

அவள் அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை, இறக்கினேன்.

முடிவு வந்தது. வியாதி இல்லை. ஆனால் சிவப்பு போகவில்லை. கோப்பை அரையிறுதிக்கு இரண்டு ஆட்டம், கோலைச் சேர்த்துப் பார்ப்பார்கள். முதல் ஆட்டம் வெளியூரில். பட்டியலில் என் பேர் இல்லை. நடுத்திடலில் ஆடுகிறவனை என் இடத்தில் இழுத்துப் போட்டார் கோச். நான் கூடப் போய் மாற்று ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எங்கள் இடது பக்கமாகத்தான் அவர்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கோலில் தோற்றோம். பேருந்தில் கீப்பர் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ இருந்திருந்தா அவன் உள்ள வந்திருக்க மாட்டான்," என்றான். வேறு பேச்சு இல்லை.

அதற்கு அடுத்த ஓய்வு நாளுக்கு மறுநாள் காலை. அவள் ஊசியோடு வந்தாள். விரலைக் கொடுத்தேன். குத்த வந்தவள் நிறுத்தினாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என்னண்ணே?"

"முள்ளு."

"என்ன முள்ளு?"

"செம்பன முள்ளு. ஒடிஞ்சு உள்ள நிக்குது. தானா வந்துரும்."

"எப்ப குத்துச்சு?"

"நேத்து."

"நேத்து லீவு."

"ஆமா."

"லீவுல செம்பனத் தோட்டத்துல என்ன செஞ்சீங்க?"

"குல வெட்டுனேன்."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

சொல்ல என்ன இருக்கிறது? அப்பா சாஆவில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப் பழம் வெட்டும் காண்டாக்ட் எடுத்திருந்தார். பழம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெட்டணும். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று ஓலையையும் குலையையும் அறுக்கணும். விழுந்த குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேட்டிலிருந்து மண்ரோட்டுக்கு இறக்கணும். அம்மா உதிரிப் பழம் பொறுக்குவார்கள். அப்பாவுக்கு வலது தோள் போய்விட்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. அவர் வா என்று கூப்பிடவில்லை. நான் ஒரு நாள் போனபோது கம்பை வாங்கினேன். அதற்கப்புறம் அந்தக் கம்பு என்னோடதுதான்.

"பச்ச பச்சையா பொய் சொல்லியிருக்கீங்க," என்றாள்.

"பொய் சொல்லல."

"சோலி இல்லைனு போட்டிருக்கீங்க! ஒவ்வொரு லீவும் கேட்டேன். சோலி உண்டா, சோலி உண்டா."

"சோலி போடலியே. சோலி உன் பெட்டியிலதான இருந்துச்சு?"

அவள் டேப்லெட்டைத் திருப்பி அந்தக் கேள்வியைப் பார்த்தாள்.

பக்கத்துப் பெஞ்சில் கீப்பர் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் வைத்த பேர் அல்லவா? கட்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"அலமாக்! அவ வேலையக் கேட்டிருக்கா. இவன் பாடியச் சொல்லியிருக்கான்!"

அவள் சிரிக்கவில்லை. "அம்மாதான் சோலின்னா வேலைன்னு சொன்னாங்க. எவ்ளோ தேடி அந்த வார்த்தையப் போட்டேன் தெரியுமா? உங்களுக்கு வியாதினு நெனச்சு நான் தூங்கலண்ணே."

"நீ வேலைனு கேட்டிருந்தாலும் இல்லைனுதான் போட்டிருப்பேன்," என்றேன்.

"ஏன்?"

"வீட்டு வேல வேலையா?"

அவள் என் விரலில் இருந்த முள்ளை அந்த ஊசியாலேயே எடுத்தாள். வலித்தது. வேண்டுமென்றேதான் செய்தாள் என்று நினைக்கிறேன்.

கோச்சிடம் போனோம். அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கத்தவில்லை. இரண்டாவது ஆட்டம் எங்கள் திடலில், அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரக் கடைசியில். பழத்தை விடு, நீ இருக்கிறாய். பழத்துக்குப் போ, நீ இல்லை. அவ்வளவுதான் சொன்னார்.

வெளியே வந்து கணக்குப் பார்த்தேன். அடுத்த வெட்டு அந்த வார ஓய்வு நாளில்தான் விழுந்தது. வெட்டாவிட்டால் பழம் உதிரும். ஒரு சுற்றுத் தவறினால் தவுக்கே வேறு ஆளைப் போடுவான். இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அடுத்த வெட்டுக்கு வர முடியாது என்று சொல்லத்தான் போட்டேன்.

"என்னடா?"

"சும்மாதான்."

"கால் எப்படி?"

"பரவால்ல."

"சரி."

வைத்துவிட்டார்.

வெட்டுக்கு முந்தின நாள் பயிற்சி முடிந்து போகும்போது அவள் என் கார் பக்கத்தில் நின்றாள். கையில் என் சோலி.

"போவீங்கதான?"

நான் கார்க் கதவைத் திறந்தேன்.

"போட்டுட்டுப் போங்க. வேலை செய்யும்போது உள்ள போட்டுக்குங்க. உங்க கால் அங்க என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா மத்த நாளு நான் கொறைச்சுக்குவேன்."

"கோச்?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஏச்சு எனக்குத்தான்."

வாங்கிக்கொண்டேன்.

முந்தின நாள் ராத்திரி சாஆவில் மழை பெய்திருந்தது. மேடு சறுக்கியது. சட்டைக்குள் சோலி போட்டிருந்தேன். வேர்த்து ஊறி, மேல் சட்டை ஒட்டிக்கொண்டதும் அப்பா பார்த்துவிட்டார்.

"என்னடா இது, பொம்பள பாடி?"

"சோலி."

"என்ன சோலி?"

"பந்து ஆடுறதுக்குப் போடுறது. எவ்வளவு வேல செய்யுறோம்னு காட்டும்."

அப்பா முதுகுப் பையைத் தொட்டுப் பார்த்தார். "கங்காணியா?"

"அது மாதிரி."

"முதுகுல ஏறி உக்காந்திருக்கானா இப்ப." துப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

வெட்டுவது கஷ்டமில்லை. தோள், கழுத்து, இடுப்பு. கால் சும்மா நிற்கிறது. கஷ்டம் வண்டியில் இருந்தது. குலை நிறைந்த வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது தள்ள வேண்டியதில்லை. அதுவே ஓடப் பார்க்கும். பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கணும். குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து. அப்போது இழுப்பது எது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அன்றைக்கு யோசித்தேன். இடது தொடை. பின்பக்கம். கிழிந்த அதே இடம்.

நாலைந்து வண்டி இறக்கியதும் உள்ளே ஒரு நூல் விறைத்த மாதிரி இருந்தது. வலி இல்லை. வலிக்கு முந்தினது.

"ஏன் நொண்டுற?" என்றார் அப்பா.

"நொண்டல."

"நொண்டுற."

வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. வண்டி எங்கள் இரண்டு பேர் மேலும் சாய்ந்து நின்றது. அம்மா உதிரி பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கால் போச்சுனா?" என்றார்.

"சோலி முடிஞ்சது."

அவர் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டார். "எனக்குத் தோளுதான் போச்சு. காலு இருக்கு. நீ வெட்டு, நான் எறக்குறேன்."

அன்று மிச்ச வண்டியெல்லாம் அவர்தான் இறக்கினார். வலது கை தாழ்ந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து. நான் வெட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றால்தான் பயம்.

மறுநாள் அவள் டேப்லெட்டை என் முன்னால் வைத்தாள்.

"மரத்துக்கு அடியில தூரம் சரியா பதிவாகல. ஓட்டம் ஒண்ணுமே இல்ல. ஆனா இதப் பாருங்க." விரலால் தொட்டுக் காட்டினாள். "பிடிச்சு நிறுத்துறது. ஓடிட்டு இருக்குறவன் சட்டுனு நிக்குற மாதிரி, திரும்பத் திரும்ப. காலையில பூரா. அப்புறம் பாதியில நின்னு போச்சு. ஏன்?"

"அப்பா பாத்துட்டார்."

அவள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் என்னை ஓடவிடவில்லை. மற்றவர்கள் ஓடும்போது நான் சைக்கிள் மிதித்தேன். கீப்பர் தினமும் கேட்டான்: "எங்க மச்சா, பாசாருக்கா, மீன் வாங்கவா?" ஆட்டத்துக்கு முந்தின நாள் தட்டை அமுக்கினேன். மஞ்சள். பச்சை இல்லை. கோச் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆடட்டும்," என்றாள். "ஆனா முழுசா இல்ல. நான் கையத் தூக்குனா எடுத்துரணும்."

கோச் சரி என்றார். அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நான் பாக்குறது எண்ணுதான். உள்ள இழுத்தா உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். நீங்களும் கையத் தூக்கணும். அங்க வந்து பரவால்ல சொன்னீங்க, அவ்ளோதான்."

சாயங்காலம் ஆட்டம். திடல் ஈரம். கூட்டம் நல்ல கூட்டம். பார்வையாளர் மேடையில் நாலு தமிழ்க் குரல் என் பேரைக் கூப்பிட்டுக் கத்தியது. முதல் பாதி கால் லேசாக இருந்தது. ஒரு வாரம் ஓடாத கால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. முதல் ஆட்டத்தில் இடது பக்கம் வந்துகொண்டே இருந்தவன் ஒரு தடவை கூட என்னைத் தாண்டவில்லை. இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமம்.

அப்புறம் எல்லாம் தப்பாகப் போனது. ஒருத்தனுக்கு முட்டி மடங்கியது. ஒருத்தனுக்குத் தலையில் அடி. இன்னொருத்தனுக்குத் தசை பிடித்துக்கொண்டது. கோச் ஆள் மாற்றினார், மறுபடி மாற்றினார். மாற்றி முடித்துவிட்டார். இனி யாரையும் இறக்க முடியாது.

அப்போதுதான் கோட்டோரம் பார்த்தேன். அவள் கையைத் தூக்கியிருந்தாள்.

கோச் அவளிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஆள் இல்லை. அவள் கையை இறக்கவில்லை. என்னைப் பார்த்தே தூக்கிக்கொண்டு நின்றாள். நான் வெளியே போனால் பத்துப் பேர். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நூல் விறைக்க ஆரம்பித்தது. மேட்டில் விறைத்த அதே நூல்.

பந்து உயரமாக என் தலைக்கு மேலே போனது. அவன் ஓடினான். நான் திரும்பி ஓடினேன். இரண்டு அடி அவன் முன்னால். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பிடித்திருக்கிறேன், எத்தனையோ தடவை. முழு வேகத்துக்குக் காலை நீட்டணும். நீட்டப் போனேன். உள்ளே சுருக்கென்றது. சத்தம் இல்லை. சத்தத்துக்கு ஒரு மூச்சு முந்தி.

நின்றுவிட்டேன்.

கையைத் தூக்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே பார்த்தேன். கீப்பர் முன்னால் வந்தான், கையை விரித்தான். பந்து அவனுக்குப் பக்கத்தில் போய் வலையில் விழுந்தது.

மேடையில் என் பேரைக் கத்திய அதே இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "சோலி முடிஞ்சது டோய்!"

நடந்துதான் வெளியே வந்தேன். தூக்க வந்தார்கள், வேண்டாம் என்றேன். பத்துப் பேரோடு மிச்ச நேரம் ஆடினார்கள். கோல் விழவில்லை. அரையிறுதியோடு முடிந்தது.

உடை மாற்றும் அறையில் கீப்பர் கையுறையைக் கழற்றி எறிந்தான். நேராக என்னிடம் வந்தான்.

"கிழிஞ்சுதா?"

"தெரியாது."

"கிழிஞ்சிருந்தா பேச மாட்டேன். கிழியலைனா உன்ன நான் கிழிப்பேன்."

மறுநாள் ஸ்கேன். அவளும் வந்தாள். படத்தைப் பார்த்த டாக்டர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நான் சுவரில் ஓடிய ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிழியல," என்றார். "கொஞ்சம் நீர் கோத்திருக்கு. இன்னும் ஒரு ஓட்டம் ஓடியிருந்தா போயிருக்கும்."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் காலை மடக்கி, நீட்டிப் பார்த்தேன். இருந்தது.

கீப்பரிடம் சொன்னேன். அவன் கிழிக்கவில்லை. "கிழியாத காலுக்கு ஒரு கோல்," என்றான். "ரொம்ப வெல மச்சா." அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னை மச்சா என்று கூப்பிடவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டான். அது எனக்கு வலித்தது. சொல்லவில்லை.

பருவம் முடிந்ததும் கோச் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. கோபம் இன்னும் போகவில்லை என்றார். சரி என்றேன். நீ ஓடியிருந்தால் கோலும் விழாமல் இருந்திருக்கலாம், உன் காலும் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது என்றார். அதற்கும் சரி என்றேன். பிறகு ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டிய தாளை என் பக்கம் தள்ளினார். ஒரே ஒரு நிபந்தனை. தோட்டத்தில் வேலை செய்யக் கூடாது.

சாஆ போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முன்னாலேயே ஆள் பார்த்துவிட்டார். இந்தோனேசியக்காரன் ஒருத்தன். வெட்டுவது அவன், இறக்குவது இவர். காசு பாதிப் பாதி. நான் வரமாட்டேன் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

இப்போதும் ஓய்வு நாளில் போகிறேன். மரத்தடியில் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னில் உட்காருகிறேன். அம்மா தேத்தண்ணி கொடுப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது வெட்டுவதைவிடக் கஷ்டம். வண்டி இறங்கும்போதெல்லாம் என் இடது குதிகால் தானாக மண்ணில் ஊன்றிக்கொள்கிறது.

போன தடவை அப்பா வண்டியை நிறுத்திவிட்டு என் சட்டையைப் பார்த்தார்.

"இன்னிக்குச் சோலி இல்லியா?"

எந்தச் சோலியைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

"இல்லப்பா."

கைப்பேசி கத்தியது. அவள் கேள்வி. கடைசிக் கேள்வியை எப்போதோ மாற்றிவிட்டாள்: ஓய்வு நாளில் குலை வெட்டினீர்களா, வண்டி தள்ளினீர்களா, வேறு எதையாவது தூக்கினீர்களா?

இல்லை, இல்லை, இல்லை. அமுக்கினேன்.

அதற்கு மேலே இன்னொன்று. உடம்பு எப்படி? பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: பரவால்ல என்று போடக் கூடாது.

வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. காலை நீட்டினேன். மடக்கினேன்.

இழுக்கிறது, கொஞ்சம், என்று எழுதினேன்.